திரும்பி வராத வண்டிச்சத்தம்

வண்டிச்சத்தம் என்றொரு சொல் நம் ஊர்ப்புறங்களில் வழங்கி வந்தது. இப்போது அதைக் கேட்பது அரிதாகிவிட்டது. சத்தம் என்றதும் ஒலி என்றே இன்றைய மாணவர்கள் பொருள் கொள்கிறார்கள். வண்டி எழுப்பும் ஓசையைத்தான் சொல்கிறோம் என்று எண்ணிச் சிரிக்கவும் செய்கிறார்கள். சத்தம் என்பதற்குக் கூலி, வாடகை என்னும் பொருளும் உண்டு. பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்த்த வண்டிக்காரருக்குக் கொடுப்பது வண்டிச்சத்தம். நெல்மூட்டையோ வெல்லச் சிப்பமோ, விலை பேசி முடிந்த பின்னும் ஒரு பேச்சு மிச்சமிருக்கும். வண்டிச்சத்தம் யார் தலையில்? விற்பவர் தலையிலா, வாங்குபவர் தலையிலா? அதையும் பேசித் தீர்த்தால்தான் வியாபாரம் முடிந்ததாகக் கொள்வர்.

சொல் வழக்கொழிந்து வருகிறது, செலவு ஒழியவில்லை. இணையக் கடைகளில் அதற்கு டெலிவரி சார்ஜ் என்று பெயர். அதனோடு கையாளும் கட்டணம், தளக் கட்டணம், பொருள் வந்தபின் பணம் கொடுப்பதற்கு ஒரு கட்டணம் எனச் சுற்றமும் சேர்ந்துகொண்டது. பொருள் நல்லபடி வந்து சேர்ந்தால் இவற்றை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வந்த பொருள் தகாததாகி, திருப்பி அனுப்ப நேரும்போதுதான் பழைய கேள்வி புதிய உருவில் எழுகிறது. பொருளின் விலை திரும்பி வருகிறது. வண்டிச்சத்தம் வருவதில்லை. அது வராமலிருப்பது முறைதானா, முறையன்று எனில் எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதைச் சற்று விரிவாகச் சிந்திக்கலாம் என்று தோன்றியது.

இதை எழுதத் தூண்டியவர் நம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் ஒருவர். விடுதியில் தங்கிப் படிப்பவர். 399 ரூபாய்க்குத் தோள்பை ஒன்றை இணையத்தில் வாங்கியிருக்கிறார். கொண்டுவந்து தர 70 ரூபாய். பை வந்த அன்றே அதன் பல்லிணைப்பு பாதியில் பிய்ந்திருந்தது. திருப்பி அனுப்பினார். 399 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. 70 ரூபாய் ஏறவில்லை. அந்தப் பேச்சு வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “எழுபது ரூபாய்தானே ஐயா, போகட்டும்.”

அந்தத் ‘தானே’ நம் மனத்தில் தங்கிவிட்டது. எழுபது ரூபாய் அவருக்கு விடுதிக்கு வெளியே ஒருவேளைச் சாப்பாடும் தேநீரும். அதை அற்பமென்று சொல்ல அவருக்கு வசதியில்லை. ஆயினும் சொன்னார். ஏனெனில் எழுபது ரூபாய்க்காக வாதாடுவது அதைவிடச் சிறுமை என்று அவர் எண்ணினார். நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணுகிறோம். கடையில் நின்று சில்லறை மிச்சத்தைக் கேட்க நாணுகிற மனம் இது. இந்த நாணத்தின் மேல்தான் அந்தக் கட்டணம் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பெரிய தொகையென்றால் வழக்குக்குப் போவார்கள். மிகச் சிறியதென்றால் வாங்குவதற்குப் பொருளில்லை. அறுபது, எழுபது, எண்பது என்பது விட்டுக்கொடுக்கத் தோதான அளவு. ஒருவர் விட்டால் எழுபது. ஆயிரவர் விட்டால் எழுபதாயிரம்.

நிற்க. இதே போன்றதொன்று நமக்கும் நேர்ந்திருந்தது. அதனால்தான் அவரை அப்படியே விட மனம் வரவில்லை.

வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்தவேண்டிய பருவம். தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு இளம்பூரணர் உரை கொண்ட பதிப்பொன்றை இணைய நூற்கடை ஒன்றில் கேட்டிருந்தோம். நூல் 420 ரூபாய். அனுப்பும் கூலி 80 ரூபாய். ஆறாம் நாள் சிப்பம் வந்தது. பிரித்தால் நச்சினார்க்கினியர் உரை. அட்டையில் தொல்காப்பியம் என்று பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்துச் சிப்பம் கட்டியவர் எடுத்து வைத்துவிட்டார் போலும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மெய்ப்பாட்டியலுக்கு நச்சினார்க்கினியர் உரை நமக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். கேட்ட நூல் வராததோடு, வேண்டிய இயலே இல்லாத நூல் வந்து சேர்ந்தது.

திருப்பி அனுப்ப விண்ணப்பித்தோம். நம் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு ஆள் வந்து பெற்றுக்கொள்ளும் வசதி இல்லை, நீங்களே அனுப்பிவையுங்கள் என்று விடை வந்தது. விரைவு அஞ்சலில் அனுப்பினோம். 78 ரூபாய் ஆயிற்று. பத்து நாள் கழித்து 420 ரூபாய் வந்தது. அதனோடு வந்த குறுஞ்செய்தி, ‘உங்கள் பணம் முழுமையாகத் திருப்பித் தரப்பட்டது’ என்றது. 500 ரூபாய் கொடுத்து, மேலும் 78 ரூபாய் செலவழித்து, 420 ரூபாய் பெற்றதன் பெயர் முழுமை! முழுமை என்ற சொல்லுக்கு இப்படியொரு பொருள் எந்த நிகண்டிலும் இல்லை.

தொலைபேசியில் அழைத்தோம். இளம்பெண் ஒருவர் பணிவாகப் பேசினார்.

“டெலிவரி சார்ஜ் நான்-ரீஃபண்டபிள் சார். பாலிசியிலேயே போட்டிருக்கு.”

“நாங்கள் கேட்ட நூல் வரவே இல்லையேம்மா.”

“வேற புக் டெலிவரி ஆயிருக்குல்ல சார்?”

அந்தப் பெண்மீது வருத்தமில்லை. கையில் கொடுத்த தாளில் உள்ளதைச் சொல்வது அவர் பணி. ஆனால் அவருடைய கேள்விக்குள்ளேயே நமக்கான விடையும் இருந்தது. எண்பது ரூபாய் எதற்காகக் கொடுக்கப்பட்டது? ஏதோ ஒரு நூலைக் கொண்டுவருவதற்கா? இல்லை. இளம்பூரணர் உரையைக் கொண்டுவருவதற்கு. அந்த வேலை நடக்கவே இல்லை. நடவாத வேலைக்குக் கூலி ஏது? பழைய வண்டிக்காரர் கடலை மூட்டைக்குப் பதிலாகப் பருத்தி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுச் சத்தம் கேட்டால் யாராவது கொடுப்பார்களா?

இந்த ஒரு வாதத்தையே குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலாக எழுதினோம். அரைப்பக்கந்தான். கேட்ட நூல் இது, வந்த நூல் இது, இரண்டின் அட்டைப் படங்களும் இணைப்பில் உள்ளன. அனுப்பும் கூலியாகப் பெற்ற 80 ரூபாயும், உங்கள் பிழையைத் திருத்த நாங்கள் செலவிட்ட 78 ரூபாயும் வரவேண்டும். அஞ்சலகச் சீட்டின் படியும் இணைப்பில் உள்ளது என்று முடித்தோம். வசைச்சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் விடை வந்தது. 80 ரூபாய்க்கு அடுத்த கொள்முதலில் பயன்படுத்தத்தக்க கூப்பன் தந்திருந்தார்கள். தொண்ணூறு நாளுக்குள் செலவழிக்க வேண்டுமாம். பணமாகக் கொடுத்ததைப் பணமாகவே பெற விரும்புகிறோம் என்று மீண்டும் எழுதினோம். அதற்கடுத்த வாரம் 158 ரூபாய் வங்கிக்கு வந்தது. மன்னிப்போ விளக்கமோ இல்லை. அது தேவையும் இல்லை.

இதில் நம் திறமை ஒன்றுமில்லை. சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. அதை அறிந்து கேட்டோம், அவ்வளவே. சட்டம் சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறிவது நல்லது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், 2020 சூலை 23 அன்று மின்வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றின்படி, பொருள் பழுதுடையதாகவோ போலியாகவோ இருந்தால், விளம்பரத்தில் காட்டிய தன்மையோ ஒப்புக்கொண்ட தன்மையோ அதில் இல்லாதிருந்தால், சொன்ன நாளுக்குள் வந்து சேராதிருந்தால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கலாகாது. பெற்ற தொகையைத் திருப்பித் தரவும் மறுக்கலாகாது. தாமதம் மட்டும் விற்பவரின் கைக்கு மீறிய காரணத்தால் நேர்ந்ததெனில் அதற்கு விலக்குண்டு.

இங்கே சொல்லாராய்ச்சிக்கு ஓர் இடமிருக்கிறது. திருப்பித் தரவேண்டியதைக் குறிக்குமிடத்தில் விதியின் ஆங்கில மூலம் ‘விலை’ என்னும் சொல்லை ஆளவில்லை. சட்டத்தமிழில் நாம் மறுபயன் என்று வழங்கும் சொல்லை ஆள்கிறது. ஒரு பொருளையோ பணியையோ பெறுவதற்கு ஈடாக நாம் கொடுத்தது எதுவோ அது மறுபயன். அதே விதிகள் வேறோரிடத்தில், விற்பவர் மொத்தத் தொகையை ஒரே எண்ணாகக் காட்டவேண்டும், அதற்குள் அனுப்பும் கூலி, அஞ்சற் செலவு, கையாளும் கட்டணம், வரி ஆகியவை எவ்வளவு என்று பகுத்தும் காட்டவேண்டும் என்கின்றன. மொத்தம் என்று ஒன்றாகப் பெற்றதைத் திருப்பும்போது மட்டும் கூறுபோட்டுப் பாதியை நிறுத்திக்கொள்வது எப்படிப் பொருந்தும்? உரையாசிரியர்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் விளங்குகிறது. ஆனால் இது நம் உரை. ‘அனுப்பும் கூலியையும் திருப்பித் தருக’ என்று விதி வெளிப்படையாகச் சொல்லிவிடவில்லை. சொல்லியிருந்தால் அந்த இளம்பெண்ணின் கையிலிருந்த தாளில் வேறு வாசகம் இருந்திருக்கும்.

அடுத்தது, சட்டம் நமக்குத் தராத உரிமை. பொருளில் பழுதில்லை, கேட்டதுதான் வந்தது, நமக்குத்தான் பிடிக்கவில்லை. சேலையின் நிறம் கண்ணுக்கு ஒவ்வவில்லை, மேசை அறைக்குப் பெரிதாகிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் பொருளைத் திருப்பும் உரிமையை மேற்சொன்ன விதிகள் நமக்கு அளிக்கவில்லை. கடை தானாக முன்வந்து ஏழு நாள், பத்து நாள் என்று தவணை தருகிறதே, அது கடையின் ஏற்பாடு. அப்போது அனுப்பும் கூலி திரும்புமா என்பதும் கடையின் நிபந்தனையைப் பொறுத்ததே. ஆனால் அந்த நிபந்தனையை முன்கூட்டியே தெளிவாகக் காட்டவேண்டும்; திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் காட்டவேண்டும். இதை விதி வலியுறுத்துகிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் கட்டணத்தை ஒவ்வொன்றாக வெளிவிடும் உத்தியை 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகளுள் ஒன்றாகவே பட்டியலிட்டுவிட்டன. அந்தப் பட்டியலில் மொத்தம் 13 உத்திகள்.

ஐரோப்பாவில் இக்கேள்வி எப்படித் தீர்ந்தது என்பதைப் பார்த்தால் நம் நிலை இன்னும் விளங்கும். செர்மனியில் ஹைன்ரிஷ் ஹைனே என்னும் அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் இருந்தது. புகழ்பெற்ற செர்மானியக் கவிஞரின் பெயரேதான்; பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. அந்நிறுவனம் ஒவ்வொரு கொள்முதலுக்கும் 4.95 யூரோ அனுப்பும் கூலியாகப் பெற்றது. வாங்கியவர் மனம் மாறிப் பொருளைத் திருப்பினாலும் அந்தத் தொகையைத் திருப்பித் தரமாட்டோம் என்று நிபந்தனையில் எழுதிவைத்திருந்தது. வடரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தின் நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. கீழ்நிலை நீதிமன்றங்கள் நுகர்வோர் பக்கம் தீர்ப்பளித்தன. நிறுவனம் விடவில்லை. செர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் இதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பியது. 2010 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பு வந்தது.

4.95 யூரோவுக்காக ஒரு கண்டத்தின் நீதிமன்றம் உட்கார்ந்து சிந்தித்திருக்கிறது! எழுபது ரூபாயைக் கேட்க நாணும் நாம் இதைப் பலமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நிறுவனம் சொன்ன வாதங்களுள் ஒன்று நமக்கும் பழக்கமானது. அனுப்பும் கூலி எவ்வளவு என்பதை முன்னரே அறிவித்துவிட்டோமே என்பது அது. ‘பாலிசியிலேயே போட்டிருக்கு’ என்பதன் செர்மானிய வடிவம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அனுப்பும் கூலியையும் வாங்கியவர்மீது சுமத்தினால் திருப்பி அனுப்பும் உரிமையைப் பயன்படுத்த அவர் தயங்குவார். முன்னரே அறிவித்ததனால் மட்டும் அந்தத் தயக்கம் நீங்கிவிடாது என்றது. தொலைவிலிருந்து வாங்குவதில் உள்ள இடரை இருபாலாரும் சமனாகப் பகிர்ந்துகொள்ளவேண்டும். திருப்பி அனுப்பும் செலவை மட்டும் வாங்கியவர் ஏற்கலாம், முதலில் அனுப்பிய கூலியையும் அவர் தலையிலேயே ஏற்றினால் அச்சமன் குலையும் என்று முடித்தது.

பின்னர் 2011-இல் இயற்றப்பட்டு 2014 சூன் 13 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய நுகர்வோர் உரிமை நெறி இதை எழுத்திலேயே உறுதி செய்தது. காரணம் எதுவும் சொல்லாமலே 14 நாளுக்குள் வாங்கியதைக் கைவிடலாம். விற்றவர் அனுப்பும் கூலி உட்படப் பெற்ற தொகை அனைத்தையும் திருப்பித் தரவேண்டும். இதற்கொரு வரம்பும் உண்டு. விற்பவர் தரும் குறைந்த செலவுள்ள பொதுமுறை இருக்க, மறுநாளே வேண்டும் என்று கூடுதல் கட்டணம் கொடுத்திருந்தால் அந்தக் கூடுதல் மட்டும் திரும்பாது. பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக வாங்கியவருடையது. ஆனால் அதை முன்னரே சொல்லாத விற்பனையாளர் அதையும் தாமே ஏற்கவேண்டும். ஐரோப்பாவில் வாழும் தமிழர் பலர் இதை அன்றாட வழக்காகவே அறிந்திருப்பர். பிரித்தானியாவும் அதே நாளில் இத்தகைய விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒன்றியத்திலிருந்து விலகிய பின்னும் அவற்றை வைத்திருக்கிறது.

வள்ளுவர் வணிகம் செய்வோர்க்குச் சொன்ன குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். வணிகத்தைச் செல்வம் சேர்க்கும் வழியாக மட்டும் காணாமல் துலாக்கோலின் வேலையாகவும் கண்டார் என்பதற்கு அந்த வைப்புமுறையே சான்று. சமன் என்னும் சொல்லை ஐரோப்பிய நீதிபதிகளின் தீர்ப்பில் கண்டபோது இந்த வைப்புமுறைதான் நினைவுக்கு வந்தது.

நடுவு நிலைமை என்றால் விற்பவர் பக்கமும் நின்று பார்க்கவேண்டும். இணையத்தில் விற்பவரெல்லாம் பெருமுதலாளிகள் அல்லர். ஈரோட்டில் போர்வை நெய்து விற்பவரும், சிவகாசியில் குறிப்பேடு செய்து விற்பவரும், வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண்களும் இதில் உண்டு. ஒரு சிப்பம் போய்த் திரும்பினால் கூரியர்காரர் இரண்டு முறை கூலி கேட்பார். அந்தப் பணம் எங்கிருந்தோ வரவேண்டும். திருமணத்துக்கு ஒருநாள் உடுத்துவிட்டு மறுநாள் சேலையைத் திருப்பி அனுப்புகிறவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. மூன்று அளவில் காலணி தருவித்து ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்புகிறவர்களும் உண்டு. இவர்கள் ஏற்படுத்தும் செலவை அந்த நெசவாளர் ஏன் சுமக்கவேண்டும்?

ஆகையால் பொதுவான நெறியொன்று வேண்டும். நாம் எண்ணிப் பார்த்தவரையில் அது இப்படி அமைவதே தகும். பிழை யாருடையதோ, போகும் சத்தமும் வரும் சத்தமும் அவருடையது. தவறான நூலை அனுப்பியவர், பிய்ந்த பையை அனுப்பியவர் இரண்டையும் ஏற்கட்டும். உடுத்திக் கசக்கிய சேலையை அனுப்பியவர் இரண்டையும் இழக்கட்டும். பிழை யாரிடத்தும் இல்லை, பார்க்காமல் வாங்கியதால் வந்த ஒவ்வாமைதான் எனில், போன சத்தம் விற்றவருடையது, வருஞ்சத்தம் வாங்கியவருடையது. ஐரோப்பா ஏறத்தாழ இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் முதற்பகுதிக்கு விதியில் ஆதாரம் இருக்கிறது, கேட்டால் கிடைக்கிறது. கேளாதவர்க்குக் கிடைப்பதில்லை என்பதே குறை. பெரிய கடைகள் பழுதான பொருள் என்று பதிவானதுமே முழுத் தொகையையும் தாமாகத் திருப்பிவிடும்படி கணிப்பொறியை அமைப்பது கடினமான செயலன்று. விலையைத் திருப்பத் தெரிந்த பொறிக்குக் கூலியைத் திருப்பவும் தெரியும்.

இனிக் கேட்டுப் பெறும் வழி. அந்த மாணவரோடு உட்கார்ந்து பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. திருப்பி அனுப்பும் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில், பட்டியலின் முதலில் இருந்த ‘இனித் தேவையில்லை’ என்பதை அவர் தொட்டிருக்கிறார். பை பிய்ந்திருந்ததை எங்குமே பதியவில்லை. கடையின் கணக்கில் அது பழுதான பையன்று; மனம் மாறிய வாடிக்கையாளர். எழுபது ரூபாயின் விதி அந்த ஒரு தொடுகையில் முடிவாகிவிட்டது. ஆகவே காரணத்தைச் சரியாகத் தேர்வது முதல் வேலை. பழுது என்றால் பழுது என்றும், வேறு பொருள் என்றால் வேறு பொருள் என்றும் பதியவேண்டும்.

சிப்பத்தைப் பிரிக்கும்போதே நிழற்படம் எடுத்துவைப்பது இரண்டாவது. மேலுறையிலுள்ள முகவரிச் சீட்டும் படத்தில் தெரிதல் நலம். பற்றுச்சீட்டில் அனுப்பும் கூலி தனி வரியாக இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளவேண்டும். நாமே அனுப்ப நேர்ந்தால் அஞ்சலகச் சீட்டை எறிந்துவிடலாகாது. பணம் வந்ததும் ‘முழுமை’ என்னும் சொல்லை நம்பாமல் கூட்டிப் பார்க்கவேண்டும். குறைந்தால் தொலைபேசியில் வாதாடுவதைவிட எழுத்தில் கேட்பது மேல். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிடவேண்டும். அவர் முறையீடு வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். இவை 2020 விதிகளிலேயே உள்ளன. கூப்பன் தந்தால் ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் கூப்பன் என்பது அதே கடையில் மீண்டும் வாங்கினால்தான் பணம். அதை வாங்கச் செல்லும்போது மற்றுமொரு வண்டிச்சத்தம் காத்திருக்கும்.

அங்கும் தீரவில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதன் பின்னும் தீராதெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை முறையீட்டுக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிடவேண்டும். 2025 சனவரி 1 முதல் இ-ஜாக்ருதி என்னும் தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே இதைச் செய்யலாம். எழுபது ரூபாய்க்கு ஆணையம்வரை போகவேண்டும் என்று சொல்ல வரவில்லை. போக வழியுண்டு என்பதை அறிந்தவரின் மின்னஞ்சலில் ஒரு நிமிர்வு இருக்கும். குறைதீர்ப்பு அலுவலர்கள் அதை எளிதில் கண்டுகொள்கிறார்கள் என்பதே நாம் சொல்ல விரும்புவது.

மாணவர் தம் மின்னஞ்சலைத் தாமே எழுதினார். நாம் திருத்த முனைந்தபோது, “வேண்டாம் ஐயா, என் பிரச்சினையை நானே சொல்கிறேன்” என்றார். பிய்ந்த பல்லிணைப்பின் படம் அவருடைய கைப்பேசியில் இருந்தது. நண்பருக்கு வருத்தத்தோடு அனுப்பிய படம். அதுவே சான்றாயிற்று. முதலில் வந்த விடை மறுப்பு. காரணம் ‘இனித் தேவையில்லை’ என்று பதிவாகியுள்ளது என்றார்கள். படம் எடுத்த நாளைச் சுட்டி மறுபடி எழுதினார். பரிசீலிக்கிறோம் என்பது இரண்டாவது விடை. இதை எழுதும் நாள்வரை எழுபது ரூபாய் வரவில்லை. 1915-இல் பதிந்த முறையீட்டு எண்ணைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். விடுதியில் இன்னும் நான்கு பேர் தத்தம் பழைய பற்றுச்சீட்டுகளைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

‘எழுபது ரூபாய்தானே’ என்று அவர் இப்போது சொல்வதில்லை. ‘என் எழுபது ரூபாய்’ என்கிறார்.